கண்ணைப் பார்க்க ஒரு ஆள்

எனக்கு வந்தது காமாலை இல்லை. ஆனால் தூத்துக்குடி மில்லர்புரத்தில் என் தெருவுக்கும், துறைமுகச் சாலையில் என் ஆபீசுக்கும் காமாலை என்றுதான் தெரியும். அப்படிச் சொன்னவள் நான். சொல்லச் சொன்னவன் என் தம்பி.

வந்தது டி.பி. அதுவும் நெஞ்சில் இல்லை, கழுத்தில். காதுக்குக் கீழே நெல்லிக்காய் மாதிரி ஒரு வீக்கம். பல்வலியின் வேலை என்று நினைத்து உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு வளர்ந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் கீறி எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு, எனக்கு மகள் இருந்திருந்தால்.

"இது கழுத்துல உள்ள நெறிக்கட்டியில வந்திருக்கு. நுரையீரல் சுத்தமா இருக்கு. இருமினாலோ பேசினாலோ யாருக்கும் பரவாது. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது. ஆனா ஒண்ணு, இந்த மாத்திரை ஈரலுக்குக் கொஞ்சம் பாரம். வாந்தி வந்தா, சாப்பாடு பிடிக்கலைன்னா, கண்ணு மஞ்சளானா உடனே வந்துரணும். சரியா?"

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். பின்னால் யாரோ துவரம்பருப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். கடையை விட்டு வெளியே வந்து பேசுகிறான் என்று வண்டிச் சத்தத்தில் தெரிந்தது.

"யக்கா, யாருட்டயும் சொல்லிறாத. பிள்ளைக்கி இப்பத்தான் எடம் அமைஞ்சிருக்கு. குடும்பத்துல இந்த நோய்னு தெரிஞ்சா கைகழுவிட்டுப் போயிருவாங்க."

"பின்ன என்னன்னுலே சொல்ல? கழுத்துல தையலோட நிக்கேன்."

"கழுத்துக் கட்டி சாதாக் கட்டின்னு சொல்லிருவோம். மெலிஞ்சி போனதுக்கு, மாத்திரை சாப்பிடுததுக்கெல்லாம் காமாலைன்னு சொல்லிருவோம். காமாலை யாருக்குத்தான் வரல?"

நல்ல கூத்து என்று நினைத்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். எங்கள் பக்கம் நோயிலும் மரியாதைப்பட்ட நோய், மரியாதை கெட்ட நோய் என்று உண்டு. காமாலை தண்ணீரால் வரும், சூட்டால் வரும், பத்தியம் இருந்தால் போகும். காமாலைக்காரியின் தம்ளரை யாரும் தனியாக எடுத்து வைக்கமாட்டார்கள். டி.பி. என்றால் தம்ளர் மட்டுமா, ஆளையே தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதோடு, அந்தப் பிள்ளை, தம்பி மகள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கேற்ற மாதிரி ஒரு பதில் வைத்திருக்கிறேன், எதுவும் உண்மை இல்லை. அவளுக்காக ஒரு பொய் சொல்வது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சொன்ன மறுநாளே தெரு முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். மாடியில் நான், கீழே வீட்டுக்காரப் பெரியம்மா. அவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். எதிர்வீட்டில் இருந்து கரும்புச்சாறு வந்தது. உப்பில்லாத கஞ்சி வந்தது. உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு உப்பில்லாமல் கஞ்சி குடிப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. கீழாநெல்லியை வாங்கிச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். ஒரு வாரத்தில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அது இயல்புதான். ஆனால் அந்த ஒரு வாரம் கதவு தட்டிக்கொண்டே இருந்ததா, அதற்குப் பிறகு வீடு ரொம்பவும் அமைதியாகிவிட்டது.

ஆபீசில் எனக்கு ஷிப்பிங் பில் அடிக்கிற வேலை. கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் பார்க்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். பக்கத்து மேஜையில் திரேஸ்புரத்துக்காரி ஒருத்தி, என்னைவிட இளையவள். எங்களுக்குள் ஒத்தே போகாது. அவளுக்கு ஃபேன் சுற்றினால் தலைவலி, எனக்குச் சுற்றாவிட்டால் மூச்சே போய்விடும். மீன்பிடிக்கப் போன புருஷன் கடலில் இருந்து திரும்பியதும் போனில் அவள் பேசுகிற பேச்சு, கப்பலில் நிற்கிறவனுக்குக் கேட்கும். ஒரு தடவை, "இது ஆபீசா, ஏலக்கடையா?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து கன்டெய்னர் நம்பர் தவிர வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை. காமாலை என்று தெரிந்ததும் மட்டும், "எங்க வீட்டுக்காரருக்கும் வந்துச்சுக்கா, எண்ணெயத் தொடாதிய" என்றாள். சரி என்றேன். அவ்வளவுதான்.

மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். செங்கல் நிறத்தில் இருக்கும். விழுங்கிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். பயப்படவில்லை. பயப்படாமல் இருந்ததுதான் பின்னால் வினையாகப் போனது.

தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். வருவான் என்றால் வீட்டுக்கு இல்லை, கேட் வரைக்கும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கேட்டில் ஒரு மஞ்சப்பையை மாட்டுவான். ரோட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பான்.

"யக்கா, பைய மாட்டியிருக்கேன்!"

"மேல வாலே, காப்பி போடுதேன்."

"கடைய அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்க்கா. வாரேன்."

இருமினால்கூடப் பரவாது என்று டாக்டரம்மா சொன்னதை அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "தெரியும்க்கா, தெரியும்க்கா" என்பான். தெரிந்து என்ன, மாடிப்படியில் கால் வைக்கமாட்டான். வீட்டில் அவன் பெண்டாட்டி வைக்க விடமாட்டாள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்குப் பையைத் தூக்கி ரோட்டில் எறியலாம் என்று இருக்கும். எறிந்ததில்லை. கீழே இறங்கிப் போய் எடுத்துவருவேன்.

மாத்திரை ஈரலை அடிக்கும் என்று நான் வாய்தவறிச் சொன்னதிலிருந்து அந்தப் பைக்குள் மளிகை குறைந்து, குப்பிகள் கூடின. ஈரல் டானிக். நெல்லிக்காய்ச் சாறு. ஏதோ வெளிநாட்டு முட்செடியின் விதையில் இருந்து எடுத்த கேப்ஸ்யூல். பச்சைத் தேயிலைச் சத்து என்று ஒரு பெரிய டப்பா. கடைக்குச் சரக்குப் போடுகிற ஏஜென்ட் பையன் சொல்லி வாங்கியதாம். எல்லாவற்றின் மேலும் ஆண்டிஆக்ஸிடன்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"ஆண்டிஆக்ஸிடன்ட்க்கா. ஈரலுக்குக் கவசம் மாரி. மாத்திரை எவ்வளவு அடிச்சாலும் உள்ள எறங்காது. ஒண்ணையும் விடாமச் சாப்பிடு, என்ன?" என்று போனில் கெஞ்சுவான்.

ஒன்றையும் விடாமல்தான் சாப்பிட்டேன். பெரியம்மாவின் கீழாநெல்லியைச் செடிக்கு ஊற்றியவள், இதை ஊற்றவில்லை. தம்பியிடமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். மேலே ஏறி வராதவனின் பாசம் டப்பாவில் வருகிறது, அதை எப்படி வேண்டாம் என்பது? காலையில் மாத்திரை, பத்து மணிக்கு நெல்லிச்சாறு, சாப்பாட்டுக்குப் பின் விதைக் கேப்ஸ்யூல், சாயங்காலம் தேயிலைக் கேப்ஸ்யூல் இரண்டு. என்னைப் போல் ஈரலைப் பாதுகாத்தவள் தூத்துக்குடியிலேயே இருந்திருக்கமாட்டாள்.

பிறகு சாப்பாடு பிடிக்காமல் போனது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போவது புதுசா என்ன? அதனால் கண்டுகொள்ளவில்லை. உடம்பு அரித்தது. உப்புக்காற்று என்று நினைத்தேன். சிறுநீரின் நிறம் இன்னும் இருண்டது. அதுதான் மாத்திரையின் நிறம் என்று சொல்லிவிட்டார்களே! கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன், என் வீட்டு பல்ப் வெளிச்சத்தில் சுவரே மஞ்சளாகத்தான் இருக்கும். சந்தேகத்துக்குச் செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன். அந்தப் போன் சொந்தக்காரப் பையன் யாரோ வைத்திருந்து எனக்கு வந்தது, முகத்தை வெளுப்பாக்கித்தான் காட்டும். கண் பளிச்சென்று பால்வெள்ளையாக இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, ஆபீசில் பைலை நீட்டும்போது பக்கத்து மேஜைக்காரி என் முகத்தையே பார்த்தாள்.

"என்னக்கா, கண்ணு இன்னும் மஞ்சளாத்தான கெடக்கு. காமாலை எறங்கவே இல்லையே."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பொய் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பார், இல்லாத மஞ்சள்கூட இவள் கண்ணுக்குத் தெரிகிறது, சொன்னதைப் பார்க்கிற ஜனம் என்று நினைத்துக்கொண்டேன். "எறங்கும், எறங்கும்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு பைலை வாங்கிக்கொண்டேன். அவளும் விட்டுவிட்டாள். காமாலைக்காரிக்குக் கண் மஞ்சளாக இருப்பதில் அதிசயம் என்ன? ஆபீஸ் வாட்ச்மேனும் பார்த்திருப்பார். எதிர்வீட்டிலும் பார்த்திருப்பார்கள். என்னை நிஜமாகவே காமாலை பிடித்திருந்தது. ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் பதறவில்லை, பதறத் தேவையில்லை என்று நான்தான் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேனே.

இரண்டு மூன்று நாளில் ஆபீஸ் கழிவறையில் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். ஆட்டோ பிடித்து நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"தெரியல, டாக்டர்."

"வீட்ல யாருமே பாக்கலையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எல்லோரும் பார்த்தார்கள் டாக்டர் என்றா?

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். டி.பி. மாத்திரை அத்தனையும் நிறுத்தம். ரத்தம் எடுத்தார்கள், ஈரல் கணக்கு எகிறிக் கிடந்தது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கூச்சமாக இருந்தது. தம்பிக்குப் போன் போட்டு, பெரியம்மாவிடம் சாவி வாங்கி எல்லா டப்பாவையும் எடுத்துவரச் சொன்னேன். அன்றைக்குத்தான் மாடி ஏறியிருக்கிறான், நான் இல்லாத வீட்டுக்கு. வார்டு வாசலில் முகக்கவசத்தோடு நின்று நர்ஸிடம் பையைக் கொடுத்தான்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஜன்னல் கம்பியைக் காட்டினார். பெயின்ட் உரிந்து துரு ஏறிக் கிடந்தது.

"நம்ம ஊர்க் காத்துக்கு இரும்பு எப்படித் துருப்பிடிக்குது, பாத்தீங்களா? மாத்திரைய ஈரல் உடைக்கும்போது உள்ளேயும் ஏறக்குறைய அதே மாதிரி ஒண்ணு நடக்குது. அதைத் தடுக்க ஈரல் தானே ஒரு சரக்கு வச்சிருக்கு. அதுதான் அதுக்குப் பெயின்ட். மாத்திரை வேகமாச் சுரண்டும்போது அந்தச் சரக்கு தீர்ந்துபோகும். இப்ப நான் குளுக்கோஸ்ல ஒரு மருந்து ஏத்துறேன். அது ஈரலுக்கு மறுபடியும் அந்தச் சரக்கைத் தயாரிக்கக் கைகொடுக்கும். இந்த மாதிரிக் கேஸ்ல நிச்சயம் உதவும்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லல. எனக்குக் குடுக்கலாம்னு தோணுது."

"அப்ப இதெல்லாம்? இதுவும் ஆண்டிஆக்ஸிடன்ட்தான?"

"பேர் அதேதான்." தேயிலை டப்பாவைத் தனியாக நகர்த்தினார். "தேயிலையக் கொதிக்க வச்சுக் குடிச்சா ஒண்ணும் செய்யாது. பானை பானையாக் குடிக்க வேண்டியத ஒரு கேப்ஸ்யூல்ல இறுக்கி அடைச்சுக் குடுத்தா, சில பேருக்கு அதுவே ஈரலைக் கெடுத்திருக்கு. இந்த விதைக் கேப்ஸ்யூலால பெரிய தொந்தரவு இல்லை, பெரிய லாபமும் எனக்குத் தெரியல. எல்லாத்தையும் நிறுத்துங்க. உங்க ஈரலைக் கெடுத்தது மாத்திரையா, இந்த டப்பாவா, ரெண்டும் சேர்ந்தான்னு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

தம்பி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். டாக்டரம்மா போன பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நான் வாங்கிக் குடுத்ததுனாலயாக்கா?"

"இல்லலே. மாத்திரைதான். டாக்டரே சொல்லிட்டாங்கள்லா."

அவர் அப்படிச் சொல்லவில்லை. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகிறவனின் தோளைத் தொட வேண்டும் என்று எனக்கு இருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவனோ வாசலைத் தாண்டவில்லை.

வார்டில் ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் வருகிற நர்ஸ், "கூட யாரு இருக்கா?" என்று கேட்பார். "யாரும் இல்ல" என்பேன். "கூட ஆள் இல்லாம எப்படிம்மா?" என்பார். முதலில் சிரித்தபடி சொன்னேன். பிறகு சிடுசிடுத்தேன். பிறகு கேள்வி வருவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தேன். இத்தனை வருஷம் தனியாக இருப்பதை ஒரு கெட்டிக்காரத்தனமாக நினைத்திருந்தவள் நான். அந்தக் கட்டிலில் அது கெட்டிக்காரத்தனமாகத் தெரியவில்லை.

ஈரல் கணக்கு மெல்ல இறங்கிவந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே மருந்தைத் தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரைகிற வில்லையாகக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தார்கள். அழுகிய முட்டை நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"டி.பி. மாத்திரைய நிரந்தரமா நிறுத்த முடியாது. நிறுத்தினா கட்டி திரும்பி வரும். அதனால ஒவ்வொரு மாத்திரையாத் திரும்பத் தொடங்கப்போறோம். ஒண்ணு ஒத்துக்கிட்டா அடுத்தது. வாராவாரம் ரத்தம் பாப்போம். ஆனா நடுவுல கண்ணு மஞ்சளானா அன்னைக்கே தெரிஞ்சாகணும். இன்னொரு தடவை லேட்டானா உங்க ஈரல் தாங்காது. உயிருக்கே ஆபத்து. மெல்ல மெல்ல மாறுறது உங்க கண்ணுக்கே தெரியாது. பல்ப் வெளிச்சத்துல தெரியாது, போன்லயும் தெரியாது. வீட்ல யாரையாவது தினமும் காலை வெளிச்சத்துல பாக்கச் சொல்லுங்க. அரை நிமிஷ வேலை."

அரை நிமிஷ வேலைதான். அதற்கு ஒரு ஆள் வேண்டுமே! தெர்மாமீட்டர் மாதிரி இதற்கும் ஒரு சாமான் மருந்துக்கடையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் நினைத்தேன். பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சட்னியையும் சாம்பாரையுமே மாற்றி ஊற்றுகிறவர். தம்பிக்குப் போன் போட்டேன்.

"காலைல கடை தொறக்குறதுக்கு முந்தி ஒரு எட்டு வந்துட்டுப் போலே. படி ஏறாண்டாம். நான் கீழ வாரேன். கேட்ல நின்னு பாத்துட்டுப் போ."

"வீடியோ கால்ல பாக்கேன்க்கா."

"வீடியோல தெரியாதுன்னு சொல்லுதாங்க."

"கல்யாணம் முடியட்டும்க்கா. இவ வேற, புதுப்பொண்ணு இருக்க வீடு, தெனமும் அங்கன போயிட்டு வராதியன்னு ஒரே சண்ட."

"அதுவரைக்கும் என் ஈரலு காத்துக்கிட்டு இருக்குமாலே?"

நான் போனை வைத்துவிட்டேன். அவன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். சின்னதில் அவனுக்குக் கண்வலி வந்தபோது, ஒட்டும் ஒட்டும் என்று எல்லோரும் விலகியபோது, பக்கத்தில் படுத்துப் பஞ்சால் துடைத்தவள் நான். அதைச் சொல்லிக் காட்ட வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லிக் காட்டி வரவழைக்கிற ஆள் என் கண்ணைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் மாத்திரை தொடங்க வேண்டும். ஆபீசில் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, பக்கத்து மேஜைக்காரியின் முன்னால் போய் நின்றேன். கருவாட்டுக் குழம்பைத் திறந்து வைத்திருந்தாள். நான் மூக்கைச் சுளிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மூடியை எடுத்தாள்.

"எனக்குக் காமாலை இல்லை" என்றேன்.

"பின்ன?"

"டி.பி. கழுத்துல. பரவாது. மாத்திரைதான் ஈரலைக் கெடுத்துட்டு."

எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை கல்யாணத்தைச் சொன்னேன், அதனால் வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னேன். தினமும் யாராவது வெளிச்சத்தில் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன், நீ பார்ப்பாயா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவள் முகம் சிவந்தது. அருவருப்பில் என்று நினைத்தேன்.

"அப்ப, கண்ணு மஞ்சளா இருக்குன்னு அன்னைக்கு நான் சொன்னேன்லா! சொன்னதுக்குச் சிரிச்சியளே! சாவப் பாத்துட்டு என்னமோ சிரிப்பு! ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே தரதரன்னு இழுத்துட்டுப் போயிருப்பேன்லா!"

வாட்ச்மேன் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். ஏலக்கடைச் சத்தம். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சமும் எரிச்சலாக இல்லை. அப்புறம் எழுந்து கையைக் கழுவி, என் முழங்கையைப் பிடித்து ஆபீஸ் படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெயில் முகத்தில் அடித்தது. என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"மூச்ச விடுங்க. பரவாதுன்னு நீங்கதான சொன்னிய?"

கட்டை விரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். ஒரு கண், அப்புறம் இன்னொரு கண். சோப்பையும் மீறிக் கருவாட்டு வாசம். வைத்தியம் செய்கிறவர்கள் தவிர யாரும் என் முகத்தைத் தொட்டு எவ்வளவு காலமாகிறது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"இப்ப வெள்ளையா இருக்கு. இதுதான் கணக்கு. இனி இதுல இருந்து ஒரு பொட்டு மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாள்.

அதிலிருந்து தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் படிக்கட்டில் நிற்போம். அரை நிமிஷம். பார்த்துவிட்டு, "ம்" என்பாள். உள்ளே போய் ஃபேனுக்குச் சண்டை போடுவோம். நான் அந்த நுரைக்கிற வில்லையைக் கரைத்தால், "கொமட்டுதுக்கா, கெட்டுப்போன நண்டுகூட இப்படி நாறாது" என்று ஜன்னலைத் திறப்பாள். முதல் மாத்திரையை ஈரல் ஒத்துக்கொண்டது.

இரண்டாவது மாத்திரையைத் தொடங்கிய வாரத்தில்தான் கல்யாணம். முதல் தடவை ஈரலைக் கவிழ்த்தது இதுவாக இருக்கலாம், இந்த வாரம் ஒரு நாள்கூடக் கண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் கிடையாது.

முந்தின நாள் தம்பி வந்தான். கேட்டில் பையை மாட்டினான். அன்றைக்கு உடனே போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தைக்குன்னு எடுத்த பட்டுக்கா. பிள்ளதான் நெறம் பாத்து எடுத்தா. ஆனா… மாப்பிள்ளைக்கிச் சித்தப்பா டாக்டராம். ஒன் கழுத்துத் தழும்பப் பாத்தா ஒரு நொடில கண்டுபிடிச்சிருவாருன்னு இவ சொல்லுதா. நீ… முடிஞ்ச பெறகு ஒரு நாள் நான் பிள்ளையவும் மாப்பிள்ளையவும் கூட்டிட்டு வாரேன், என்ன?"

நான் பால்கனியில் நின்று சரி என்று தலையை ஆட்டினேன். கத்தியிருக்கலாம். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போன பிறகு கீழே போய்ப் பையை எடுத்துவந்தேன். மயில்கழுத்து நிறம். எனக்குப் பிடித்த நிறம்தான்.

காலையில் குளித்து அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டேன். ஏன் கட்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பூவும் வைத்துக்கொண்டேன். செங்கல் நிற மாத்திரையையும் புது மாத்திரையையும் விழுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்நேரம் பெண்ணை மணவறைக்கு அழைத்திருப்பார்கள், இந்நேரம் தாலியை ஆசீர்வாதத்துக்குத் தட்டில் கொண்டுவருவார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்தபடி இருந்தேன். நானே அவளுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறேன். தலையில் பூ வைக்க நான் இல்லை. அழுதேன். அங்கே மேளச் சத்தம், இங்கே பட்டுச் சேலையோடு ஒருத்தி. நினைக்க நினைக்க ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வந்தது.

கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவள். பக்கத்து மேஜைக்காரி. மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள், முக்காட்டுத் துணிகூட இன்னும் தோளில் கிடந்தது. வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இன்னைக்கு விட்டா நாளைக்குத்தான? ரெண்டாவது மாத்திரை வாரம்லா. அதான் வந்தேன்" என்றாள். அப்புறம்தான் பட்டையும் பூவையும் பார்த்தாள். "வெளிச்சத்துக்கு வாங்க" என்று பால்கனிக்குக் கூட்டிப்போனாள்.

தாடையை நிமிர்த்தி இமையை இழுத்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மஞ்சளா?" என்றேன்.

"மஞ்ச தெரியல. ரெண்டும் செவந்துல்லா கெடக்கு. அழுதியளோ?"

"இல்ல, தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் கை என் தாடையில் இருக்கும்போதே அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. தெரு பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை.

"இப்படித் தண்ணி வடிஞ்சா நெறம் எப்படித் தெரியும்?" என்றாள். நாற்காலியை எடுத்துவந்து என்னை அதில் உட்காரவைத்தாள். எதிரே தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "நல்லா அழுது முடிங்க. எனக்கொண்ணும் அவசரம் இல்ல. செவப்பு எறங்கட்டும், இன்னொருக்க பாத்துட்டுத்தான் போவேன்."